மேய்ப்பர்களின் பாதை – 7: வெம்பிளியை நிறைத்தவர்

ஒரே லண்டன் சபையில் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்று மேய்ப்பராக உழைத்த ஸ்பர்ஜனைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு நேர்மாறான ஒருவர். அமெரிக்காவில் சிறிது காலம் மட்டும் சபைப் போதகராக இருந்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த பாப்திஸ்து ஊழியர், பில்லி கிரகாம்.

1954 மே 22, சனிக்கிழமை. குளிர், தூறல். லண்டனின் வெம்பிளி மைதானத்தில் கிரகாமின் பிரசங்கத்தைக் கேட்கச் சுமார் 1,20,000 பேர் கூடினார்கள். இருக்கைகள் போதாமல் விளையாட்டுத் தரையிலும் மக்களை உட்கார வைத்தார்கள். மார்ச் முதல் தேதி ஹாரிங்கே அரங்கில் தொடங்கிய பன்னிரண்டு வாரக் கூட்டங்களின் நிறைவு நாள் அது. கான்டர்பரி பேராயர் ஃபிஷர் ஆசீர்வாத ஜெபம் செய்தார். பிரசங்கித்தவருக்கு வயது 35. ஈலிங் ரோட்டுக்குப் புடவை எடுக்கப் போகும் நம்மவர்கள் இன்று தூரத்தில் பார்ப்பது 2007இல் திறந்த புதிய மைதானத்தின் வளைவு. கிரகாம் நின்ற பழைய மைதானம் இடிக்கப்பட்டுவிட்டது.

கூட்டம் பெரிதுதான். ஆனால் என் மனத்தில் அவரை உயர்த்துவது அதுவல்ல; 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அவரும் தோழர்களும் செய்துகொண்ட உடன்பாடு. மக்கள் ஊழியர்களை ஏன் நம்புவதில்லை என்று கூடிப் பேசி, நான்கு முடிவுகள் எடுத்தார்கள். பண விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. மனைவி அல்லாத பெண்ணுடன் தனித்திருக்கக் கூடாது. உள்ளூர்ச் சபைகளையும் போதகர்களையும் தாழ்த்திப் பேசக் கூடாது. கூட்டத்தின் எண்ணிக்கையை மிகைப்படுத்தக் கூடாது.

இது சோதனைக்கும் உள்ளானது. 1950இல் அட்லாண்டா கூட்டங்கள் முடிந்ததும், காணிக்கைப் பைகளின் படத்தையும் சிரித்தபடி விடைபெறும் கிரகாமின் படத்தையும் ஒரு பத்திரிகை அருகருகே வெளியிட்டது. அவர் கூனிக் குறுகிப்போனார். அதன்பின் தமக்கென்று காணிக்கை எடுக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு நிர்வாகக் குழு நிர்ணயித்த சம்பளத்துக்கு மாறினார்.

1956இல் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்தார். பாளையங்கோட்டையில் சிலர் அவர் காலில் விழுந்தார்கள். அவர் நிழல் தங்கள்மேல் பட வேண்டும் என்று நெருக்கினார்கள். அவர் பதறிப்போய், தாம் வெறும் மனிதன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேடைக்கு முன் விழுகிறவர்களைத் தடுக்காத ஊழியர்களை நம் ஊரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

கிரகாம் குறையில்லாதவர் அல்ல. 1972இல் அதிபர் நிக்சனோடு பேசும்போது யூதர்களைப் பற்றி அவர் சொன்ன இழிவான சொற்கள் ஒலிநாடாவில் பதிவாகி, 2002இல் வெளியாயின. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அந்தக் களங்கம் அவர் வரலாற்றில் நிற்கத்தான் வேண்டும். 2018இல் 99ஆம் வயதில் காலமானார்.

வெம்பிளியிலும் ஹாரோவிலும், திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் சபைக்குப் போகும் வாசகர்களிடம், மொடெஸ்டோவின் முதல் முடிவை மனத்தில் வைத்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். நல்ல போதகர் அதற்காக உங்கள்மேல் வருத்தப்படமாட்டார்.

(தொடரும்)