திருத்தணியின் எட்டு கிருதிகள்: ஒரு கணக்கு

அரக்கோணத்திலிருந்து திருத்தணி சுமார் 13 கி.மீ. அடிவாரத்திலிருந்து முருகன் சந்நிதிக்கு 365 படிகள். ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856-இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, காசியிலிருந்து திரும்பியிருந்த முத்துசுவாமி தீட்சிதர் இந்த மலைக்கு வந்தார். முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டு இட்டதும் பாட்டு பிறந்தது என்கிறது மரபு.

ஆயுள்: 1775-இல் திருவாரூரில் பிறந்து, 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். மொத்தம் 60 ஆண்டுகள்.

கருவி: வீணை. 24 மெட்டு, 7 தந்தி. அவருடைய கிருதிகளில் கமகம் நின்று நிதானமாக இழைவதற்கு இந்த வீணைப் பயிற்சி பெரிய காரணம்.

திருத்தணி வரவு: 8 கிருதிகள். வடமொழியின் எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்று. மாயாமாளவகௌளை, ஆனந்தபைரவி, பாடி, சாமா, பலஹம்சா, பூர்வி, பானுமதி, தேவக்ரியா என எட்டு ராகங்கள், ஒன்றுகூடத் திரும்பவில்லை. முதல் கிருதி ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ அமைந்த மாயாமாளவகௌளை, 72 மேளங்களில் 15-வது. குழந்தைகள் சரளி வரிசை கற்கும் அதே ராகம். சரணத்தில் ராகத்தின் பெயரையே சாகித்தியத்துக்குள் வைத்துவிட்டார். ‘குருகுஹ’ என்ற முத்திரையும் இந்த மலை தந்ததே.

தொகுதி தொகுதியாக இயற்றும் வழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் பஞ்சபூதத் தலங்களுக்கு 5. திருவாரூர் கமலாம்பாள் நவாவரணத்துக்குத் தியானமும் மங்களமும் சேர்த்து 11.

சேமிப்பு: பாட்டு காப்பாற்றப்பட்டது வாய்வழியாக. சீடர்களில் தஞ்சை நால்வர் உண்டு. தம்பி பாலுசுவாமியின் வழிவந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் அரண்மனை ஆதரவுடன் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-இல் வெளியிட்டார். அதில் தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229, ஸ்வரக் குறிப்போடு. தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது தெலுங்கு லிபியில் வந்த நூல். சென்னை மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு 1961-இல் தொடங்கி 5 பாகங்களாக வந்தது. அதாவது, தமிழ் எழுத்துக்கு வர இன்னும் 57 ஆண்டுகள்.

அந்த 126 ஆண்டுகளில் ஒரு தலைமுறை அசட்டையாக இருந்திருந்தாலும் பாடியும் பானுமதியும் வெறும் பெயர்களாக நின்றிருக்கும். அபூர்வ ராகம் பிழைப்பது அதில் ஒரு நல்ல கிருதி இருப்பதால். கிருதி பிழைப்பது அதை யாராவது பாடுவதால்.

செலவு: ஒரு கிருதிக்கு 10 நிமிடம் என்று வைத்தால் எட்டுக்கும் 80 நிமிடம். இரண்டரை மணி நேரக் கச்சேரி 150 நிமிடம். எட்டையும் வரிசையாகப் பாடியபின் ஆலாபனைக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் 70 நிமிடம் மிச்சம். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி ஏறும் மலையில், அரக்கோணம், திருத்தணிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கிருதி கற்றால் 8 பேர் போதும். இந்த ஊர்களால் தாங்க முடிந்த செலவுதான் இது.