நீங்க கொடுத்த 1,785 ரூபாயில் அந்த ஊருக்குப் போனது எவ்வளவு?

போன நவம்பரில், டேக்ஸ் ஆடிட் வேலை முடிஞ்ச கையோட, மனைவி, மகளோட இமாச்சல் போயிட்டு வந்தேன். மணாலி இல்லை. மணாலி ரோட்டில் அவுட் என்ற இடத்தில் ஒரு பெரிய சுரங்கப்பாதை வரும். அதுக்கு முன்னாடியே பஞ்சார் பக்கம் திரும்பினால் தீர்த்தன் பள்ளத்தாக்கு. ஆத்தங்கரையில் ஒரு வீட்டில் மூணு ரூம் வாடகைக்கு விடுறாங்க. அங்கேதான் நாலு ராத்திரி தங்கினோம்.

பயணக் கதை சொல்ல இந்தப் பதிவு இல்லை. மூணாவது நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் ஒரு மஞ்சப்பை நிறைய பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னாடி வச்சார். நான் சிஏ என்று என் மகள் போட்டுக் கொடுத்துட்டா. "சார், ரெண்டு நிமிஷம்" என்றார். ரெண்டு மணி நேரம் ஆச்சு. அந்தக் கணக்கைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப்போறேன். வீடியோவில் இவ்வளவு எண்களைப் பேசினால் பாதியில் ஓடிடுவீங்க, அதனால எழுத்தில்.

முதல்ல அந்த மாநிலத்தைப் பற்றி ஒரு வரி. 2011 சென்சஸ்படி இமாச்சல் மக்களில் 90% பேர் கிராமத்தில் இருக்காங்க. நம்ம தமிழ்நாட்டில் பாதிதான். ஃபேக்டரி வேலை எல்லாம் சமவெளி ஓரத்தில் சில ஊர்களில் மட்டும். மலைக்கு மேல ஆப்பிள், ஆடு மாடு, அரசு வேலை, அப்புறம் டூரிஸ்ட். அதனால்தான் 2008-லேயே கிராமத்து வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்க ஹோம்ஸ்டே திட்டம் என்று ஒன்றை மாநில அரசு கொண்டுவந்தது. ஹோட்டல் கட்ட முதல் இல்லாதவங்க, இருக்கிற வீட்டிலேயே ரெண்டு ரூமைச் சுத்தம் பண்ணி சம்பாதிக்கட்டும் என்பதுதான் யோசனை.

சரி, மஞ்சப்பைக்கு வருவோம்.

எங்க ரூமுக்குப் போட்டிருந்த விலை 2,000 ரூபாய். சீசன் இல்லாத நேரம் என்பதால் புக்கிங் ஆப் 15% தள்ளுபடி காட்டியது. 1,700 ஆச்சு. மேல 5% ஜிஎஸ்டி, 85 ரூபாய். மொத்தம் 1,785 கட்டினேன். சந்தோஷமா இருந்தது. அந்தத் தள்ளுபடியை ஆப் கொடுக்குது என்றுதான் நீங்களும் நினைச்சிருப்பீங்க, நானும் நினைச்சேன். அவரோட ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால், 300 ரூபாயும் வீட்டுக்காரர் தலையில். ஏதோ ஒரு 'ஆஃபர்' பட்டனில் அவர் பையன் சரி என்று அழுத்தியிருக்கான்.

மீதி 1,700-இல் 20% கமிஷன், 340 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18% ஜிஎஸ்டி, 61 ரூபாய் 20 பைசா. கடைசியில் அவர் பேங்கில் விழுந்தது 1,298 ரூபாய் 80 பைசா. நான் கொடுத்ததுக்கும் அவர் வாங்கினதுக்கும் நடுவில் 486 ரூபாய், அதாவது 27%, காணாமப் போயிடுச்சு.

இங்கே ஒரு சின்ன விளக்கம். 85 ரூபாய் வரியைப் பற்றி நான் புலம்ப மாட்டேன். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ரூமுக்கு 12% ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து 5% ஆகிடுச்சு. அதிலும் பாதி, ரூம் எந்த மாநிலத்தில் இருக்கோ அந்த மாநிலத்துக்குப் போகும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து புக் பண்ணாலும் இமாச்சலுக்குத்தான். ஊரை விட்டுப் போறது அந்தக் கமிஷன்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இவர் ஜிஎஸ்டியில் பதிவே பண்ணலை. பண்ணவும் வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் தாண்டினால்தான் அங்கே பதிவு கட்டாயம். ஆனால் அதே ரூமை ஆப் வழியா வித்தால், ஆப் கம்பெனியே வரியை வசூல் பண்ணிக் கட்டணும் என்று சட்டம் இருக்கு. அதனால ஆப்பில் புக் பண்ணால் 5% உண்டு, அவருக்கே போன் பண்ணி வந்தால் வரி இல்லை. இது ஏய்ப்பு இல்லீங்க, சட்டப்படியே அப்படித்தான்.

இப்போ கணக்கைத் திருப்பிப் போடுங்க. நான் நேரா அவரைக் கூப்பிட்டு 1,800 ரூபாய்க்குப் பேசியிருந்தால், என் பையில் இருந்து கூடுதலா 15 ரூபாய். அவர் கையில் கூடுதலா 501 ரூபாய். எனக்கு ஒரு டீ காசு, அவருக்கு ஒரு சிலிண்டர் விலையில் பாதிக்கு மேல.

அவர் கேட்டது வேற

உண்மையில் அவர் இந்தக் கமிஷன் கணக்கைக் கேட்கவே இல்லை. பையில் இன்னொரு பேப்பர் இருந்தது. டெல்லியில் இருந்து ஒரு பார்ட்டி, மூணு ரூமையும் கீழ்த்தளத்தையும் பத்து வருஷ லீஸுக்குக் கேட்டிருக்காங்க. வருஷத்துக்கு 3 லட்சம். "எனக்கு ஒரு தலைவலியும் இல்லை. கையெழுத்துப் போடவா?"

ஏன் அந்த யோசனை வந்தது என்று கேட்டேன். 2023 ஜூலை மழையில் குல்லு, மண்டி மாவட்டங்களில் ஆறு பெருக்கெடுத்து ரோடெல்லாம் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மணாலி வீடியோக்கள் எல்லா டிவியிலும் ஓடுச்சு. 2025 மழைக்காலமும் அந்தப் பக்கத்தைச் சும்மா விடலை. ரெண்டு தடவையும் புக்கிங் மொத்தமா கேன்சல். ரூம் கட்ட வாங்கின கடனுக்கு இஎம்ஐ மட்டும் கேன்சல் ஆகலை.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். போன வருஷம் அவர் வித்தது 360 ரூம் ராத்திரி. மூணு ரூம் வச்சுப் பார்த்தால் ஆண்டில் மூணில் ஒரு பங்குகூட முழுசா இல்லை. சராசரியா கையில் வந்தது 1,300-க்குப் பக்கம். ஆக 4 லட்சத்து 68 ஆயிரம். சாப்பாட்டுச் சாமான், வெந்நீர் கரண்ட், துணி வெளுக்கிறது எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 40 ஆயிரம் செலவு. மிச்சம் 3 லட்சத்து 28 ஆயிரம். லீஸ் 3 லட்சம். வித்தியாசம் 28 ஆயிரம்தான். அதுக்காக வருஷம் பூரா ரெண்டு பேர் விடியக்காலை நாலரைக்கு எழுந்திருக்காங்க. அவர் நினைச்சது தப்பே இல்லை.

ஆனால் அதே 360-இல் பாதி பேர், 180 ராத்திரி, நேரா 1,800-க்கு வந்தால்? கூடுதலா 90 ஆயிரம். மிச்சம் 4 லட்சத்து 18 ஆயிரம். இப்போ லீஸைவிட 1 லட்சத்து 18 ஆயிரம் அதிகம். ஒரு புது ரூம்கூடக் கட்டாமல், விலையை ஏத்தாமல்.

அவர் மனைவி அதுவரை கதவு ஓரம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்களுக்கு தினமும் சித்து அவிச்சுக் கொடுத்தவங்க. உள்ளே கசகசாவும் வால்நட்டும் வச்ச கோதுமைக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், மேல நெய். பாலும் காய்கறியும் பக்கத்து வீடுகளில் வாங்குறாங்க. லீஸுக்குப் போனால் சமையல்காரரை வெளியூரில் இருந்து கூட்டிட்டு வருவாங்க, சாமான் வண்டியில் மொத்தமா வரும் என்று அவங்களே சொன்னாங்க. அந்தப் பாலுக்கான காசு எந்த ஸ்டேட்மென்ட்டிலும் இல்லை, நானும் அதைக் கணக்கில் சேர்க்கலை.

நம்ம ஊர் குரூப் டூர்களும் இதில் ஒண்ணும் குறைச்சல் இல்லை. அரிசி, சாம்பார் பொடி, சமையல்காரர் எல்லாத்தையும் இங்கே இருந்தே ஏத்திட்டுப் போற டூர்ல என் மச்சான் போயிருக்கான். எட்டு நாள் இமாச்சலில் இருந்துட்டு, ஒரு வேளைகூட அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிடலை. வயித்துக்கு நல்லதுதான், மறுக்கலை.

லீஸ் பேப்பரில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. 1972-ஆம் ஆண்டு இமாச்சல் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 118-ஆம் பிரிவு என்று ஒண்ணு இருக்கு. அந்த மாநிலத்து விவசாயி இல்லாதவங்களுக்கு அரசு அனுமதி இல்லாமல் நிலத்தைக் கைமாற்ற முடியாது. லீஸும் அந்தப் பிரிவில் வருது. "குல்லுவில் ஒரு நல்ல வக்கீலைப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீங்க" என்று சொன்னேன். உங்களுக்கும் இது பொருந்தும். 'மலையில் ஒரு காட்டேஜ் வாங்கிப் போடலாமா சார்' என்று மாசத்துக்கு நாலு மெயில் வருது. உள்ளூர்க்காரர் பேரில் வாங்கி பவர் எழுதிக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால், அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க. அது பினாமி.

ஆப் வில்லன் இல்லை

நான் அந்த வீட்டைக் கண்டுபிடிச்சதே ஆப்பில்தான். முன்பின் தெரியாத ஊரில், குழந்தையோட போகும்போது, ரெவ்யூ பார்க்காமல் யார் போவாங்க? அந்தச் சேவைக்கு ஒரு விலை உண்டு. ஆப்பில் புக் பண்ணி, அங்கே போய்க் கேன்சல் பண்ணிட்டு நேரா காசு கொடுக்கிறதை நான் சொல்லவே மாட்டேன். வீட்டுக்காரரோட ஒப்பந்தத்துக்கு அது ஆபத்து. முதல் தடவை ஆப்பில் போங்க, கிளம்பும்போது நம்பர் வாங்குங்க. ரெண்டாவது தடவையும், நீங்க அனுப்பி வைக்கிற நண்பரும், நேரா போன் பண்ணட்டும்.

நேரா புக் பண்ணும்போது சுற்றுலாத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்க. அட்வான்ஸ் ஒரு ராத்திரி வாடகைக்கு மேல வேண்டாம். மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கோங்க. ஜூலை, ஆகஸ்டில் போகவே போகாதீங்க. ஷால் வாங்கணும்னா டிரைவர் நிறுத்துற கடையில் இறங்காதீங்க, அங்கே மெஷினில் நெய்ததும் 'குல்லு ஷால்' பேரில் கிடைக்கும். 1944-இல் நெசவாளர்கள் தொடங்கிய புட்டிகோ கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தப் பக்கம் நிறைய கடைகள் இருக்கு. விலை கூடத்தான், கைத்தறி அப்படித்தான் இருக்கும்.

முக்கியமா, யுபிஐயில் கொடுங்க. கேஷாக் கொடுத்தால் அவருக்கு நல்லது என்று நினைக்காதீங்க. பிரிசம்ப்டிவ் முறையில் ரிட்டர்ன் போட்டால் கேஷ் வசூலுக்குக் குறைந்தது 8% லாபம் காட்டணும், டிஜிட்டலுக்கு 6% போதும். இவர் ரிட்டர்னே போட்டதில்லை. போட்டால் வரி வரும் என்ற பயம். அவரோட உண்மையான லாபத்தைக் காட்டினாலே வரி பூஜ்யம் என்று எழுதிக் காட்டினேன். ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. ரிட்டர்னும் பேங்க் வரவும் கையில் இருந்தால் மேனேஜர் முன்னாடி தைரியமா உட்காரலாம். இப்போ அவர் கட்டுறது வெளிக்கடன், வட்டி என்னன்னு கேட்காதீங்க.

கிளம்புற அன்னைக்கு எல்லாம் புரிஞ்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், அந்த 180 பேர் எனக்கு ஏன் போன் பண்ணுவாங்க? என் நம்பர் யாருக்குத் தெரியும்?" எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. மகளோட கிரேயானில் ஒரு அட்டையில் பெயர், நம்பர், பதிவு எண் எழுதி மூணு ரூமிலும் கண்ணாடி பக்கத்தில் ஒட்டிட்டு வந்தோம். கூடவே ஒரு பை ஜப்பானி பழம் கொடுத்தாங்க, சண்டிகர் வர்றதுக்குள்ள தீர்ந்துடுச்சு.

போன வாரம் போன் பண்ணியிருந்தார். ரிட்டர்ன் போட குல்லுவில் ஒருத்தரைப் பிடிச்சிட்டாராம். அட்டையைப் பார்த்து இதுவரை ஆறு குடும்பம் நேரா கூப்பிட்டிருக்காங்க, அதில் ஒண்ணு மதுரை. டெல்லி பார்ட்டிக்கு இன்னும் பதில் சொல்லலையாம். ஏப்ரல், மே சீசன் வரைக்கும் பார்க்கலாம்னு அவர் மனைவி சொல்லியிருக்காங்க.