பயிற்சியாளர் போவதேன்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலாசாலைக் கால்பந்தாட்டத்தை மாகாணத்தின் மானப் பிரச்னையாகவே ஜனங்கள் கருதுகிறார்கள். நம் ஊர் மைதானங்களில் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று அது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் பூண்டு, எதிரிகளை மோதித் தள்ளி முன்னேறுவது அந்நாட்டுக் கால்பந்து. 2025-ம் வருஷத்தில் மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் கோஷ்டி பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றை வென்றது. தேசீயப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில் முதன்முறையாக அதற்கு இடம் கிடைக்கப் போவது நிச்சயமாயிற்று. அந்தத் தருணத்தில், நவம்பர் 30-ந் தேதி, பிரதம பயிற்சியாளர் லேன் கிஃபின் அதனை விட்டு நீங்கி, பக்கத்து மாகாணத்துப் போட்டியாளரான லூயிஸியானா மாகாண சர்வகலாசாலையில் உத்தியோகம் ஏற்றார். எஞ்சிய ஆட்டங்களை நடத்திக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கேட்டதற்கு மிஸிஸிப்பி நிர்வாகிகள் இணங்கவில்லை.

துரோகம் என்று கூவினர் ஒரு சாரார். அதிகச் சம்பளம் கிடைத்தால் யார்தான் போகமாட்டார் என்றனர் மற்றொரு சாரார். இரண்டும் பாதி நியாயமே என்பது நமது அபிப்பிராயம். மனிதர் போவதன் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தாலன்றிக் குற்றம் எங்கே என்று தெளிய முடியாது.

பொருள் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. கிஃபினுக்குப் புதிய இடத்தில் வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் சம்பளம். 2021-ல் நோட்டர் டேமை விட்டு அதே லூயிஸியானாவுக்குச் சென்ற பிரையன் கெல்லிக்குப் பத்து வருஷத்துக்கு 9 கோடியே 50 லட்சம் டாலர் பேசப்பட்டது. மாகாண அரசாங்கத்தின் ஊழியர்கள் எல்லோரிலும் அதிகச் சம்பளம் பெறுபவர் கவர்னர் அல்லர், கால்பந்துப் பயிற்சியாளரே என்ற நிலைமை அந்நாட்டில் பல மாகாணங்களில் உண்டு.

ஆயினும் பணம் ஒன்றே காரணமாயின், பதவியில் இறங்கிச் செல்வோரை எப்படி விளக்குவது? லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் பிரதம பயிற்சியாளராயிருந்த சிப் கெல்லி, 2024 பிப்ரவரியில் அதை உதறிவிட்டு, ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் துணைப் பயிற்சியாளராக அமர்ந்தார். அதே வருஷத்தில் பாஸ்டன் கலாசாலையின் தலைமையைத் துறந்த ஜெஃப் ஹாஃப்லி, கிரீன் பே தொழில்முறைக் கோஷ்டியில் துணைப் பதவி ஏற்றார். இரவும் பகலும் ஆட்களைத் திரட்டும் வேலையிலும், செல்வர்களிடம் நிதி வேண்டும் வேலையிலும் சலித்து, ஆட்டத்தைக் கற்பிக்கும் வேலையையே நாடுவோரும் உளர் என்பதற்கு இவை சான்று.

மூன்றாவது காரணம் வெற்றிக்கான வசதி. லூயிஸியானாவில் அடுத்தடுத்து வந்த மூன்று பயிற்சியாளர்கள், நிக் சேபன், லெஸ் மைல்ஸ், எட் ஆர்ஜெரான் ஆகியோர், முறையே 2003, 2007, 2019-ம் ஆண்டு ஆட்டங்களில் தேசீயப் பட்டம் வென்றனர். மிஸிஸிப்பிக்கோ 1962-க்குப் பின் அப்பேறு வாய்க்கவில்லை. பட்டத்தை விரும்பும் ஒருவன் வளமான வயலை நோக்கிச் செல்வது இயல்பே.

நான்காவது காரணமே முக்கியமானது என்போம். அது அச்சம். பட்டம் வென்று கொடுத்த ஆர்ஜெரானை இரண்டு வருஷம் முடியுமுன்பே அந்தச் சர்வகலாசாலை போகச் சொல்லிற்று. பத்து வருஷ ஒப்பந்தத்தோடு வந்த கெல்லியை நான்கு வருஷம் நிறையுமுன், 2025 அக்டோபர் 26-ந் தேதி, எட்டு ஆட்டங்களில் மூன்று தோற்றதும் நீக்கிற்று. ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய பாக்கி 5 கோடி டாலருக்கு மேல். டெக்ஸஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை 2023-ல் ஜிம்போ ஃபிஷரை வெளியேற்ற ஒப்புக்கொண்ட தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் அதிகம். கிஃபினே 2013-ல், தோல்வியோடு ஊர் திரும்பிய இரவில், விமான நிலையத்திலேயே ஒரு சர்வகலாசாலையால் நீக்கப்பட்டவர். தோற்ற மறுநாள் தன்னைத் துரத்தும் எஜமானனுக்கு, வென்ற நாளில் விசுவாசம் காட்டவேண்டும் என்று எந்த நியாய சாஸ்திரம் விதிக்கிறது? விசுவாசம் இருபுறமும் ஓடவேண்டிய நதியன்றோ?

ஆகவே பயிற்சியாளரும் நிர்வாகமும் ஒருவருக்கொருவர் கடன்பட்டவர் அல்லர். ஆனால் மாணாக்கர்கள்? பதினேழு வயதுப் பையன் ஒருவனின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, "உன் மகனை என்னிடம் ஒப்புவி, நான் ஆளாக்குகிறேன்" என்று தாயிடம் சொன்னவர் அவர். சர்வகலாசாலையின் பெயரை மட்டுமன்று, அந்த மனிதரின் சொல்லையும் நம்பியே அவன் வந்தான். அவர் போன பிறகு அந்தச் சொல் யாருடையது?

நெடுங்காலம் இதில் கொடிய அநீதி இருந்தது. பயிற்சியாளர் நினைத்த நாளில் இடம் மாறலாம். மாணாக்கன் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் ஒரு தடவை மட்டும் தடையின்றி மாற அனுமதி கிடைத்தது. 2024-ல் படிப்பில் தேறியவர்கள் எத்தனை தடவையும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் தங்கள் பெயராலும் புகழாலும் பொருளீட்டவும் அவர்களுக்கு உரிமை உண்டு. 2025-ல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு சர்வகலாசாலையும் வருஷத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேராகவே கொடுக்கலாம். இவை தர்மத்தால் மட்டும் வந்தவையல்ல. வழக்குத் தொடுத்துப் போராடிப் பெற்றவை.

இன்னும் ஒரு குறை உண்டு. புதிய மாணாக்கர்கள் கையெழுத்திடும் காலம் டிசம்பர் முதல் வாரம். தேசீயப் பட்ட ஆட்டங்கள் முடிவதோ ஜனவரியில். புதிய பயிற்சியாளரை அதற்குள் அமர்த்தாவிடில் ஆட்கள் கைநழுவுவர் என்று நிர்வாகங்கள் அவசரப்படுகின்றன. ஆட்டம் நடக்கும்போதே ஆசானைப் பறிக்கும் ஏற்பாட்டைப் பஞ்சாங்கமே செய்து வைத்திருக்கிறது. கெல்லி 2009-ல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத சின்சினாட்டி கோஷ்டியை இறுதி ஆட்டத்துக்கு முன் விட்டுச் சென்றதும் இவ்வகையே.

பரிகாரம் எளிது. பட்ட ஆட்டங்கள் முடியும் வரை எந்தச் சர்வகலாசாலையும் பிறர் பயிற்சியாளரை அமர்த்தலாகாது. மாணாக்கர் கையெழுத்தும் அதற்குப் பின்னரே நடைபெற வேண்டும். இவ்விரண்டு விதிகளையும் செய்வது அவர்கள் கையிலேயே இருக்கிறது. அதைச் செய்யாமல் தனி மனிதரைத் தூற்றுவதில் பயனில்லை.

மிஸிஸிப்பி மாணாக்கர்கள் தூற்றிக்கொண்டு நிற்கவில்லை. துணைப் பயிற்சியாளராயிருந்த பீட் கோல்டிங்கின் தலைமையில் களமிறங்கி, முதற் சுற்றில் டுலேன் சர்வகலாசாலையை வென்றனர். தலைவர் போனாலும் உழைத்தவர்கள் உழைப்பை விடவில்லை. அந்த ஸ்தாபனம் யாருடையது என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள்.