மூத்தவாப்பாவின் கோப்பும் ஓர் எழுத்துருவும்

எங்கள் வீட்டுக் கணினி 2011இல் வாங்கியது. அதிலிருந்த விண்டோஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14உடன் நிறுத்தியது. 2023இல் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. அதன்பின் பாடங்களுக்குத் தேவையான சில இணையத்தளங்கள் திறக்கவே மறுத்தன. வாப்பா கணினியைத் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனார்.

விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். எங்கள் கணினியில் அது கிடையாது. ஆகவே விண்டோஸ் 10. பழைய வன்தட்டில் அது ஊர்ந்தது. கணினியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டே வரலாம். பிறகு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, கோப்புகளை அதற்கு மாற்றியதும் வேகம் வந்துவிட்டது.

அன்றிரவு ராத்தா ஒரு கோப்பைத் திறந்தார். மௌத்தாகிப்போன எங்கள் மூத்தவாப்பா தன் இளமைக் காலத்தைச் சொல்லச் சொல்ல, ராத்தா தட்டச்சு செய்துவைத்த இருபத்தெட்டுப் பக்கங்கள் அவை. வேறு பிரதி இல்லை. திரையில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் வரிவரியாக நின்றன. "வைரஸ் போல" என்றார் வாப்பா. உம்மா ஒன்றும் பேசவில்லை.

உண்மையில் கோப்பு பழுதடையவில்லை. ராத்தா அதைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். நம் நாட்டில் அழைப்பிதழ், வினாத்தாள் என எத்தனையோ அதில்தான் அச்சாகின. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் ஒரு முகமூடி. கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தே; புள்ளி வைத்த 'ம்'இன் புள்ளிகூட அங்கே அரைப்புள்ளிதான். கடையில் பழைய விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவியபோது முகமூடியும் போய்விட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது; நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

தோழி ஒருத்தியின் வீட்டுக் கணினியிலிருந்து பாமினியைப் பென்ட்ரைவில் கொண்டுவந்து நிறுவினேன். எழுத்துகள் திரும்பின. உம்மா கண்ணாடியைத் தேடினார்.

அடுத்த மாற்றத்தில் மறுபடி இதே கதை வரக்கூடாது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14 வரைதான் வழமையான ஆதரவு. எனவே கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினோம். யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் சொந்த எண் உண்டு. இந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்றில் அதே 'ம்' தெரியும். மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் அவை பாமினி என்று நினைத்து, வாயில் நுழையாத தமிழாக்கிவிடுகின்றன. அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணினியையும் மாற்றப்போகிறீர்களா? கடைக்குக் கொடுக்குமுன் கோப்புகளோடு எழுத்துருக்களையும் பிரதி எடுங்கள். முக்கியமானவற்றை பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருக்கும்.

ராத்தா வாசிக்க, உம்மா கேட்க, நான் திருத்துகிறேன். இன்னும் பதினொரு பக்கங்கள் இருக்கின்றன.