காகிதத்தில் மனிதன் விழாமல் நிற்பது எப்படி?

மரம் ஒன்றை வரையச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் வரைந்துவிடுவோம். கிளை ஒன்று சற்று இடப்புறமோ வலப்புறமோ தள்ளிப்போனாலும் எவரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால், "இதோ நிற்கிறாரே, இவரை வரையுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகிறது? "ஐயோ, எனக்கு அது வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறோம். ஐந்து வயதில் சுவர் முழுதும் ஆள் படம் கிறுக்கிய பிள்ளை, உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது ஒரு கோடு போடவும் கூச்சப்படுகிறது.

இதற்குக் காரணம் கைத்திறன் குறைந்துபோனது அன்று. கண்ணின் கூர்மை வளர்ந்துவிட்டதுதான் காரணம். பிறந்த நாள் முதல் நாம் மனிதர்களையே பார்த்து வளர்கிறோம். அதனால் மனித உருவத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும் "ஏதோ சரியில்லை" என்று உடனே தோன்றிவிடுகிறது. அந்த 'ஏதோ' என்ன என்று சொல்லத்தான் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். அத்துடன் படம் வரைவது நின்றுபோகிறது.

அந்த 'ஏதோ' பெரும்பாலும் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். கண்ணும் மூக்கும் பிசகியதைவிட, வரைந்த ஆள் அந்த நிலையில் நிற்கவே முடியாது என்பதே பல படங்களின் குறை. அவர் உயிருள்ளவராக இருந்தால் தரையில் விழுந்திருப்பார்! அவரை விழாமல் நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

நிற்பதன் இரகசியம்

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். நேராக நிற்கும் மனிதனுக்கு இப்புள்ளி, தரையிலிருந்து அவன் உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு உயரத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே உடலுக்குள் அமைகிறது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு இது சுமார் 88 செ.மீ. உயரத்தில் இருக்கும். இப்புள்ளியிலிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் இரு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்த பரப்புக்குள் விழ வேண்டும். விழுந்தால் நிற்பார், வெளியே போனால் சாய்வார்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குதிகால்கள் சுவரை ஒட்டியிருக்குமாறு சுவரில் முதுகு சாய்த்து நில்லுங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முயலுங்கள். தொடுவதற்கு முன்பே முன்னோக்கி விழப் போவீர்கள். சுவரை விட்டு விலகி வந்து குனிந்தால் எளிதாக இருக்கிறது. ஏன்? குனியும்போது தலையும் மார்பும் முன்னே போகின்றன. அதை ஈடுசெய்ய இடுப்பு பின்னே போக வேண்டும். சுவர் அதைத் தடுத்துவிடுகிறது.

விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலமிடும் பெண்ணைக் கவனியுங்கள். அவர் இடுப்பு பாதங்களுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது தெரியும். நாம் அவரை வரையும்போது முதுகை மட்டும் வளைத்து, இடுப்பைக் கால்களுக்கு நேர்மேலே வைத்துவிடுகிறோம். படத்தில் இருப்பவர் மாவுக் கிண்ணத்தோடு குப்புற விழுகிறார்!

குடம் சொல்லும் கணக்கு

ஒற்றைக் காலில் பாரத்தை ஊன்றி ஓய்வாக நிற்பவரை அடுத்துப் பாருங்கள். பாரம் தாங்கும் காலின் பக்கம் இடுப்பு உயர்கிறது. மற்றப் பக்கம் தாங்குவதற்கு ஆளில்லாமல் சற்றே இறங்குகிறது. தோள்கள் இதற்கு எதிராகச் சாய்கின்றன: உயர்ந்த இடுப்பின் மேலுள்ள தோள் தாழ்கிறது. ஓவியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எளிய விதி ஒன்று உண்டு. எதையும் சுமக்காமல் நிற்பவரை முன்னிருந்து பார்த்தால், கழுத்துக் குழியிலிருந்து தொங்கும் நூல், பாரம் தாங்கும் பாதத்தின் கணுக்கால் அருகே விழும். இரு கால்களிலும் சமமாக நின்றால் நூல் பாதங்களுக்கு நடுவே விழும்.

கையில் சுமை வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. செட்டிநாட்டு ஊருணியிலிருந்து இடுப்பில் குடம் வைத்து வரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் எடை 48 கி.கி., நீருடன் குடம் 12 கி.கி. என்க. பாதங்களின் நடுக்கோட்டிலிருந்து குடத்தின் மையம் 20 செ.மீ. வெளியே இருக்கிறது. குடத்தின் திருப்புத்திறனை ஈடுசெய்ய அவர் உடலின் மையம் எதிர்ப்புறம் எவ்வளவு நகர வேண்டும்?

12 × 20 = 48 × 5

அதாவது 5 செ.மீ. நகர வேண்டும். இந்த 5 செ.மீ.தான் அவர் இடையின் வளைவையும், குடமில்லாத கை சற்று வெளியே விரிவதையும் தீர்மானிக்கிறது. குடத்தை வரைந்துவிட்டு உடலை நேராக நிறுத்தினால், அது காலிக் குடம் என்று பார்ப்பவர் கண் சொல்லிவிடும். ஆக, பாரத்தைக் காட்டுவது குடத்தின் அளவு அன்று, உடலின் சாய்வு.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கோடு

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். காரைக்குடிக்கு வடக்கே, புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையில் தூண்களின் மேற்பகுதியில் ஆடல் மகளிர் இருவரின் ஓவியங்கள் உள்ளன. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. வண்ணம் பெருமளவு மங்கிவிட்டது. எனினும் ஆட்டம் மங்கவில்லை. ஒரு கை யானைத் துதிக்கை போல் உடலுக்குக் குறுக்கே நீள, இடை எதிர்ப்புறம் ஒசிய, தலை வேறொரு பக்கம் சாய்கிறது. ஒவ்வோர் உறுப்பும் மற்றொன்றுக்குப் பதில் சொல்கிறது.

உடல் நேராக நிற்கும் நிலை, சற்றே வளையும் நிலை, தலை, உடல், கால் ஆகியவை மூன்று திசையில் ஒசியும் நிலை என்று சிற்ப மரபு இவற்றை வகைப்படுத்தியது. சமபங்கம், ஆபங்கம், திரிபங்கம் என்பன அவற்றின் பெயர்கள். இவ்வளைவுகளை அளக்க ஸ்தபதிகள் பயன்படுத்திய சூத்திரம் என்பதும் தூக்குநூல்தான். வெண்கலச் சிலையைப் பீடத்தோடு இணைத்துவிடுவதால் அது எப்படி இருந்தாலும் விழாது. ஆயினும் உயிருள்ள உடல் நிற்பதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காக நூல் பிடித்துப் பார்த்தார்கள்.

சென்னை மெரினா கடற்கரையில் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. பாறையை நகர்த்த முயலும் நான்கு பேரின் உடல்கள் சாய்ந்திருக்கும் பாங்கே அவர்கள் உழைப்பைச் சொல்கிறது. தள்ளுவண்டி தள்ளுபவரும் இப்படியே சாய்கிறார். 60 கி.கி. எடையுள்ள ஒருவர், தம் ஈர்ப்பு மையம் ஊன்றிய பாதத்துக்கு 40 செ.மீ. முன்னே வருமாறு சாய்ந்து, 120 செ.மீ. உயரத்தில் கை வைத்துத் தள்ளுகிறார். 60 × 40 = F × 120. எனவே வண்டி அவரைத் திருப்பித் தள்ளும் விசை 20 கி.கி. எடைக்குச் சமம். வண்டி திடீரென்று மறைந்துவிட்டால் அவர் விழுவார். படத்தில் வண்டியை வரையாவிட்டாலும், அவர் எதையோ தள்ளுகிறார் என்பது தெரிய வேண்டும்.

அரை நிமிடப் படம்

இவ்வளவையும் கணக்குப் போட்டுக்கொண்டா படம் வரைய முடியும்? முடியாது. கண்ணுக்கும் கைக்கும் இது பழக்கமாக வேண்டும். அதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. ஓவியக் கல்லூரிகளில் இதை 'ஜெஸ்ச்சர்' படம் என்பார்கள்; நாம் விரைவுக் கோட்டுப் படம் எனலாம். நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கீமோன் நிக்கோலாய்டிஸ் என்பவரின் நூல், அவர் மறைவுக்குப் பின் 1941இல் வெளிவந்து இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

முறை எளியது. 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று கெடு வைத்துக்கொண்டு ஒருவரை வரைய வேண்டும். கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எதற்கும் நேரம் கிடையாது. முதலில் தலையிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை ஓடும் ஒரே கோடு. அடுத்துத் தோள்களின் சாய்வுக்கு ஒரு கோடு, இடுப்பின் சாய்வுக்கு ஒரு கோடு. பிறகு கை கால்கள். மணி அடித்ததும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும்.

கெடு ஏன்? நேரம் இருந்தால் நாம் பார்ப்பதை விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்ததை வரையத் தொடங்குகிறோம். கைக்கு ஐந்து விரல் என்று தெரியும். உடனே ஐந்தையும் எண்ணிப் போடுகிறோம். அரை நிமிடத்தில் அது நடக்காது. உடல் எங்கே ஊன்றியிருக்கிறது, எங்கே சாய்கிறது என்பதை மட்டுமே பிடிக்க முடியும். நமக்கு வேண்டியதும் அதுவே.

தொடக்கத்தில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவரைத் தேர்ந்தெடுங்கள். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வைத்த சட்டத்துக்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிப் பூக்கல் செய்பவர், தறியில் கண்டாங்கிச் சேலை நெய்பவர், சந்தையில் காய்கறி எடை போடுபவர் ஆகியோர் ஏற்றவர்கள். தவறவிட்ட நிலை சில விநாடிகளில் மீண்டும் வரும். யாரை வரைவதானாலும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நாகரிகம்.

ஓடுபவருக்கு வேறு விதி

இதுவரை சொன்ன நூல் விதி, நிற்பவருக்கு மட்டுமே. நடை என்பது ஒவ்வோர் அடியிலும் விழத் தொடங்கி, விழுமுன் அடுத்த காலை ஊன்றித் தப்பிப்பதுதான். எனவே நடப்பவரின் நூல் பாதத்துக்கு வெளியே விழலாம்; அவ்வாறு விழுவதே அவர் நடக்கிறார் என்பதைக் காட்டும்.

சைக்கிளில் வளைவில் திரும்புபவரைப் பாருங்கள். மணிக்கு 18 கி.மீ., அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அவர் திரும்புகிறார். சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு, வேகத்தின் இருமடியை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும்: 25 ÷ (5 × 10) = 0.5. கோணம் சுமார் 27 பாகை. பொங்கலையொட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டில் சீறித் திரும்பும் காளையும் இதே விதிப்படிதான் வளைவின் உட்புறம் சாய்கிறது. நேராக நிறுத்தி வரைந்தால் அது பொம்மைக் காளை.

ஓட்டத்தில் கண் ஏமாறுவதும் உண்டு. பாயும் குதிரை முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டிப் பறப்பதாகவே ஐரோப்பிய ஓவியர்கள் பலர் வரைந்துவந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் பல காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்துக் காட்டினார். நான்கு குளம்புகளும் தரையை விட்டு நீங்கும் கணத்தில் கால்கள் வயிற்றின் அடியில் மடங்கியிருந்தன! இன்று கைப்பேசியில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இத்தகைய ஐயங்களை நாமே தீர்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பேர் சேர்ந்தால்

இப்பயிற்சியைத் தனியே செய்பவர் பத்து நாளில் விட்டுவிடுவார். ஐந்து பேர் சேர்ந்தால் நீடிக்கும். பள்ளி மாடிப்படியோ வீட்டுத் திண்ணையோ போதும். ஒருவர் 2 நிமிடம் ஏதாவது ஒரு நிலையில் நிற்க, மற்ற நால்வரும் வரையட்டும். பிறகு அடுத்தவர் நிற்கட்டும். ஒரு சுற்றுக்கு 10 நிமிடம். மூன்று சுற்றில் அரை மணி நேரம். ஆளுக்கு 12 படம். மாதம் 20 நாள் கூடினால் 240 படம்! நிற்பதும் ஒரு பாடமே. ஒரு காலில் பாரம் ஊன்றி 2 நிமிடம் நின்று பார்த்தவருக்கு, எந்தத் தசை இழுக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் கூட்டம் ஊக்கமும் தரும்; மனத்தை முறிக்கவும் செய்யும். ஆகவே சில விதிகள் வேண்டும். முதல் விதி, ரப்பர் கூடாது. இரண்டு, ஒவ்வொரு படத்திலும் தேதி இட வேண்டும். மூன்று, அடுத்தவர் தாளில் கை வைத்துத் திருத்தக் கூடாது. சொல்ல வேண்டியதை உங்கள் தாளில் வரைந்து காட்டுங்கள். நான்காவது விதியே முக்கியமானது: "நன்றாக இல்லை" என்று எவரும் சொல்லக் கூடாது. அதற்குப் பதில், ஒரு நூலின் நுனியில் சிறு கல்லைக் கட்டுங்கள். படத்தைச் சுவரில் ஒட்டி, கழுத்துக் குழியில் நூலைப் பிடியுங்கள். நூல் எங்கே விழுகிறது? கையில் சுமை உண்டா? நிற்கிறாரா, நடக்கிறாரா? குறை எங்கே என்று கல் காட்டிவிடும். "இடுப்பை இரண்டு விரற்கடை இடப்புறம் தள்ளினால் நின்றுவிடுவார்" என்று சொல்லும்போது யாருக்கும் மனம் புண்படாது. குறை வரைந்தவரிடம் இல்லை. இடுப்பு இருக்கும் இடத்தில் இருக்கிறது. அது திருத்தக்கூடியது.

நன்றாகப் படம் வரையும் பிள்ளைகள் ஒருசிலர் மட்டுமே பிறவியில் அமைவார்கள் என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழ வேரூன்றியிருக்கிறது. நம் வீட்டு வாசலில் தினந்தோறும் அதற்கு மறுப்பு இருக்கிறது. கோலம் போட்ட பெண்கள் அனைவரும் பிறவி ஓவியர்களா? நாள்தோறும் போட்டார்கள், காலடிபட்டு அழிந்தது, மறுநாள் மீண்டும் போட்டார்கள். அழிந்துபோகும் என்று தெரிந்ததால் பிழைக்கு அஞ்சவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கோலத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். விரைவுக் கோட்டுப் படத்தையும் இப்படியே எண்ணுங்கள்.

ஒரு பழைய நோட்டு, ஒரு பென்சில், ஒரு முழம் நூல், ஒரு கூழாங்கல். செலவு இவ்வளவுதான். இன்று மாலையே நண்பர்கள் நால்வரை அழையுங்கள். முதல் வாரம் வரையும் ஆட்கள் பலர் விழத்தான் செய்வார்கள். நூலைப் பிடித்துப் பார்த்து ஒவ்வொருவராக நிமிர்த்துங்கள். படம் கைவந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும், சுமை தூக்குபவரையும் வண்டி தள்ளுபவரையும் இதுவரை பாராத கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். இயற்பியல் நூலில் உள்ள விசைப் படங்களும் எளிதில் புரியும்.