கஜானாக் கணக்கு – 14: மீட்டர் இல்லாத கிணறு

பல்லடத்துக்குத் தெற்கே என் தாய்மாமாவின் தோட்டம். சென்ற மாதம் ஓர் இரவு அங்கே தங்கினேன். பதினொரு மணி வாக்கில் கிணற்று மேட்டிலிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. த்ரீ பேஸ் வந்துவிட்டது; ஆட்டோ ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. விடியும்வரை தண்ணீர் ஓடியது. காலையில் பார்த்தால் தொட்டி நிரம்பி, வாய்க்கால் வழிந்து, தென்னைக்கு அப்பால் வரப்போரத்துப் புல் வரைக்கும் ஈரம்.

"ராத்திரி எத்தனை யூனிட் ஓடியிருக்குமுங்க மாமா?" என்றேன்.

"அதெப்படிக் கண்ணு தெரியும்? மீட்டரே இல்லையே."

மாமா ஊதாரி அல்ல. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் சின்ன வயதில் என் காதைத் திருகியவர். உர மூட்டை, ஆள் கூலி, தேங்காய் விற்ற காசு, கோயில் வரி எல்லாவற்றையும் நீள நோட்டில் முப்பது வருடமாக எழுதிவருகிறவர். அந்த நோட்டில் மின்சாரத்துக்கு மட்டும் இடமே கிடையாது. அவர் தப்பில்லை அது. எழுதுவதற்கு அவரிடம் எண் இல்லை.

சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்று பேரேட்டில் ஏறுகிற செலவுகளைத்தான் இத்தனை வாரமாகப் பார்த்துவந்தோம். இந்த வாரம், அளந்து எழுதப்படாத ஒரு செலவு. தமிழ்நாட்டில் சுமார் 23 லட்சம் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது.

இதைப் பேசும்போது முதலில் இறந்தவர்களை வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மின்சாரம் நீலகிரியிலிருந்து கோவைக்கு இறங்கியது. ஆலைகளுக்குப் பிறகு கிணறுகளுக்கும் வந்தது. கவலை ஓட்டிய மாடுகள் ஓய்ந்தன. கொங்கு நாட்டு மேட்டாங்காடுகள் தோட்டங்களாயின. கட்டணம் பைசாக் கணக்கில் ஏறியபோது அந்தப் பைசாவைக்கூடத் தாங்க முடியாத நிலையில் விவசாயி இருந்தான். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்துக்குள் வந்து சாலைகளை அடைத்து நின்றன. அதன் பிறகும் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, உயிர்கள் போயின. அன்று அவர்கள் கேட்டது கட்டுப்படியாகும் கட்டணம், கடனிலிருந்து மீட்சி, விளைந்ததற்கு நியாயமான விலை. இந்த மூன்றாவதைக் கொடுக்க எந்த அரசுக்கும் மனமோ வழியோ வரவில்லை. அதற்குப் பதிலாகக் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது. 1990இல் கலைஞர் அரசு எல்லா விவசாயிகளுக்கும் தந்தது.

எல்லாருக்கும் என்று ஆன அந்த நாளில்தான் அளவு என்பது தேவையில்லாமல் போனது. என் குறை அங்கேதான் இருக்கிறது. ஏழைக்கு அரசு உதவக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. கொடுப்பதை எண்ணிக் கொடுக்க வேண்டும், யார் காசிலிருந்து கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் கஜானாவுக்கு ஏற்படும் இழப்பை மூடி மறைக்கவில்லை. 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து, இன்னதற்காக இதைக் கேட்கிறேன் என்று மக்கள் முகத்துக்கு நேரே கேட்டார். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. கசப்பான வரிதான். ஆனால் அந்தத் தலைமுறையின் செலவை அந்தத் தலைமுறையே கட்டியது.

மீட்டர் இல்லாத இடத்தில் கணக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மின் பகிர்மானக் கழகம் மொத்தம் எவ்வளவு மின்சாரம் அனுப்பியது என்பது தெரியும். வீடு, கடை, ஆலை எவ்வளவு எடுத்தன என்பதும் மீட்டர்களால் தெரியும். விவசாயத்துக்குப் போனது மட்டும் மதிப்பீடு. மோட்டார்களின் குதிரைத்திறனைக் கூட்டி, சில இடங்களில் எடுத்த மாதிரி அளவுகளைக் கொண்டு பெருக்கி ஓர் எண்ணுக்கு வருகிறார்கள். கம்பியில் வீணானதும் கொக்கி போட்டுத் திருடியதும் அந்த எண்ணுக்குள் எவ்வளவு புகுந்திருக்கிறது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அரசு கொடுக்கும் மானியமும் இந்த மதிப்பீட்டின் மேல்தான் நிற்கிறது. ஆக, திருட்டுக்கும் விவசாயிதான் பெயர் கொடுக்கிறார். கிணற்று மேட்டில் நிற்கும் மனிதனை இதைவிட அவமதிக்க முடியாது என்பேன்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இரண்டு வருடத்துக்குள் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும் என்கிறது. 65ஆம் பிரிவு, மாநில அரசு யாருக்காவது கட்டணச் சலுகை தர விரும்பினால் அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஓர் அரசு தாராளமாக இருக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இருபது வருடத்துக்கு மேலாகியும் இங்கே 55ஆம் பிரிவு நடைமுறைக்கு வரவில்லை.

விலை என்ன? மின் கழகத்தின் திரண்ட நட்டம் ஒரு லட்சம் கோடி ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. இலவச மின்சாரம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொன்னால் அது பொய். தாமதமான மின் நிலையங்கள், அவசரத்துக்கு அதிக விலையில் வாங்கிய மின்சாரம், பல வருடம் தொடவே தொடாத வீட்டுக் கட்டணம், கடன் மேல் கடனுக்கான வட்டி எல்லாம் சேர்ந்ததுதான். 2017 ஜனவரியில், மின் கழகங்களின் கடனைச் சீரமைக்கும் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதன் பிறகும் நட்டம் நிற்கவில்லை.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்று கணக்குச் சொன்னது. ஒரு கட்சியின் குற்றப்பத்திரிகையாக அதைப் படித்தவர்கள் அதிகம். எனக்கு அது ஒரு நல்ல பழக்கத்தின் தொடக்கமாகத் தெரிந்தது. ஆனால் பழக்கமாக நீடிக்கவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கைப்படி 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டு வட்டிக்கு மட்டும் 70 ஆயிரம் கோடிக்கு மேல். அணை, சாலை, பள்ளிக் கட்டடம் போன்ற மூலதனச் செலவு 57 ஆயிரம் கோடி. பழைய கடனுக்கான வட்டி புதிதாகக் கட்டுவதற்கான பணத்தைவிடப் பெரிதாகிவிட்டது. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. தினப்படிச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று அர்த்தம்.

இது விதி அல்ல. 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை இதே சட்டமன்றம்தான் நிறைவேற்றியது. அடுத்த சில ஆண்டுகள், இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும், வருவாய்க் கணக்கில் உபரி இருந்தது. 2013-14இலிருந்து உபரியைப் பார்க்கவில்லை. சத்துணவுக்குக் கடன் வாங்கினால் நான் வாய் திறக்க மாட்டேன். அந்தச் சோற்றைத் தின்ற பிள்ளைதான் வளர்ந்து வரி கட்டுகிறது. நள்ளிரவில் வரப்புப் புல்லை நனைத்த தண்ணீருக்கு என் பேரன் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

இலவசத்தால் யாருக்குப் பயன் என்பதையும் பேசியாக வேண்டும். ஆயிரம் அடிக்கு போர் போட்டு, பெரிய சப்மெர்சிபிள் இறக்க வசதியுள்ளவருக்கு அதிக மானியம். அரை ஏக்கரும் மூன்று குதிரைத்திறன் மோட்டாரும் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம். மானாவாரியில் சோளமும் கொள்ளும் விதைத்து வானத்தைப் பார்ப்பவருக்கு ஒரு பைசா இல்லை. குத்தகைக்காரருக்குப் பெரும்பாலும் சர்வீஸே சொந்தமில்லை. சாதாரண வரிசையில் மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அவசரமென்றால் தத்கல் முறையில் 5 குதிரைத்திறனுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இலவசத்தின் வாசலுக்கு இத்தனை நுழைவுக் கட்டணம் என்றால் உள்ளே போகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரோ இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 பிர்க்காக்களில் 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை என்று வகைப்படுத்தப்பட்டன. எங்கள் தாத்தா காலத்தில் ஐம்பது அடியில் தண்ணீர் காட்டிய கிணறு மாமா வீட்டில் இன்று வெறும் குழி. அதற்குள் போட்ட சைடு போரும் வற்றி, பக்கத்தில் மூன்று ஆழ்துளைகள் போட்டு, அதில் இரண்டு புகைந்துபோயின. போர் வண்டிக்குக் கொடுத்த பணம் மட்டும் நோட்டில் நான்கு பக்கம்.

அன்று காலை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நானும் அவரும் ஒரு கணக்குப் போட்டோம். மோட்டார் ஏழரை குதிரைத்திறன். மணிக்குச் சுமார் 5.6 யூனிட். நாளைக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு இருநூறு நாள் என்றால் 11,200 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றே வைத்தாலும் 78,400 ரூபாய். மாமா பென்சிலைக் கீழே வைத்தார். நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை ரூவா எம்பேர்ல போகுதா? இதுல பாதியைக் கையில குடுத்தா தோட்டம் பூரா சொட்டுநீர் போட்டிருவனே கண்ணு."

இதே யோசனையை ஒரு மாநில அரசு சோதித்துப் பார்த்திருக்கிறது. பஞ்சாபில் 2018இல் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினார்கள். மோட்டாருக்கு மீட்டர், ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம் விவசாயிக்கு உரிமை, அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில். அளவைத் தாண்டினாலும் பில் இல்லை. குஜராத் 2003இலிருந்து விவசாயத்துக்குத் தனி மின்பாதை போட்டு, குறிப்பிட்ட மணி நேரம் மட்டும் நல்ல அழுத்தத்தில் மின்சாரம் கொடுத்தது. மேற்கு வங்கம் 2007 முதல் மோட்டார்களுக்கு மீட்டர் வைத்து நேரத்துக்கேற்ற கட்டணம் வாங்கியது. மூன்றில் பஞ்சாபின் வழிதான் நமக்குப் பொருந்தும். இலவசத்தை யாரும் பறிப்பதில்லை. அது விவசாயியின் சொத்தாகிறது. சேமித்தால் அவருக்கு, வீணாக்கினால் அவருக்கே நட்டம். அரசாங்கம் சொல்லி வராத சிக்கனம் தன் காசு என்றால் தானே வரும்.

இங்கே ஒருமுறை திருத்தப் பார்த்தார்கள், கெட்டது. 2003இல் ஜெயலலிதா அரசு விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் விதித்தது. குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். அந்தச் சுமையை ஈடுகட்ட மானியம் தரும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் கட்டணம்தான் முதலில் ஊருக்குள் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரியின் நாற்பது தொகுதிகளையும் இழந்த கையோடு, அதே மே மாதத்தில் இலவச மின்சாரம் திரும்பி வந்தது. அந்த நாற்பதின் அச்சம் இரண்டு கட்சிகளையும் இன்றுவரை ஆட்டுகிறது. அன்று நடந்த பிழை, அளக்கும் முன்பே வசூலிக்கப் போனது. விவசாயிக்குத் தன் பயன்பாடு தெரியாது, அரசுக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இத்தனை நாள் இல்லாத ஒரு பில்.

ஆகையால் மீட்டர் முதலில் வர வேண்டும், பில் வரவே கூடாது. குறைந்தது ஐந்து வருடம் அளவை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பிர்க்காவின் பயன்பாட்டையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். உரிமை அளவை நிலத்தின் பரப்பையும் நீர்மட்டத்தையும் பார்த்து வையுங்கள். மிச்சத்துக்குப் பணம் கொடுங்கள். சர்வீஸ் இல்லாத மானாவாரி விவசாயிக்கும் அதே நிதியிலிருந்து ஏக்கருக்கு ஒரு தொகை கொடுங்கள். மானியம் முழுவதும் நிதிநிலை அறிக்கையில் ஒரே வரியில், அளந்த யூனிட்டோடு வரட்டும். இதற்குப் புதிய கடன் தேவையில்லை. காணாமல் போகும் மின்சாரம் எங்கே போகிறது என்று தெரிந்தாலே பணம் கிடைக்கும்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மீட்டரு வெச்சப்பறம் பில்லு வராதுன்னு யாரு கண்ணு எழுதிக் குடுப்பா? இன்னைக்கு இருக்கிறவன் குடுத்தாலும் நாளைக்கு வாறவன் மதிப்பானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சொன்ன சொல்லை அரசாங்கங்கள் மாற்றியதை அவர் நேரில் பார்த்தவர். அமைச்சரின் அறிவிப்போ அரசாணையோ அவருக்குப் போதாது. உரிமை அளவையும் பில் இல்லை என்பதையும் சட்டமன்றம் சட்டமாக்க வேண்டும். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து வாக்களித்து, எளிதில் மாற்ற முடியாதபடி ஆக்க வேண்டும். மீட்டர் பெட்டியின் மேல் அந்தச் சட்டப் பிரிவைத் தமிழில் பொறிக்க வேண்டும்.

நான் ஊர் திரும்பிய மறுவாரம் மாமா போனில் பேசினார். ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றி வைத்துவிட்டாராம். ராத்திரி டார்ச்சோடு தானே போய்ப் போட்டு, தானே அணைக்கிறாராம். நீள நோட்டில் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, மோட்டார் ஓடிய மணி நேரத்தை எழுத ஆரம்பித்திருக்கிறார். முதல் வாரம் 41 மணி.

(தொடரும்)