ஷூர் நதிக்கரையிலே

அயர்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அத்தேசத்தின் காடுகளோ ஆறுகளோ அல்ல. நமது சுதந்திரப் போராட்டக் காலத்தில் டிவேலராவின் பெயரும், 1920-ஆம் வருஷத்தில் 74 நாள் உபவாசமிருந்து லண்டன் சிறையில் உயிர் துறந்த கார்க் நகர மேயர் மாக்ஸ்வினியின் பெயரும் இங்கே படித்தவர் வீடுகளில் உறவினர் பெயரைப் போல வழங்கின. 'பாய்காட்' என்னும் சொல்லையே 1880-ல் அந்நாட்டுக் குடியானவர்கள்தாம் உலகத்துக்குத் தந்தார்கள். ஆகவே, சென்ற சித்திரை மாதக் கடைசியில் அங்கே போகும் வாய்ப்பு நமக்குக் கிட்டியபோது, தியாகிகளின் சமாதிகளையும் பழைய சிறைச்சாலைகளையும் தரிசித்து வரவேண்டும் என்றுதான் எண்ணிக் கிளம்பினோம். டப்ளினில் இரண்டு நாள் அப்படியே செய்தோம். பிறகு மூன்று வார காலம் நடந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அந்த நடையைப் பற்றியதே இக்கட்டுரை.

நமது தமக்கையின் மகள் டிப்பரரி ஜில்லாவைச் சேர்ந்த குளோன்மெல் என்ற ஊரில் தாதியாகப் பணி புரிகிறாள். ஊரின் பெயருக்கு ஐரிஷ் பாஷையில் 'தேன் புல்வெளி' என்று அர்த்தமாம். பெயருக்கு ஏற்ற பூமிதான். தெற்கே மலை, வடக்கே வயல்கள், ஊரையொட்டி ஷூர் நதி. 'டெவில்ஸ் பிட்' என்னும் மலையில் பிறந்து ஏறக்குறைய 185 கிலோமீட்டர் ஓடி வாட்டர்போர்டு துறைமுகத்தருகே கடலை நாடும் ஆறு இது. அந்த மலையில் ஒரு பெரிய பொத்தல் தெரியும். சைத்தான் ஒரு வாய் கடித்துத் துப்பியதால் உண்டானது என்பது ஜனங்களின் ஐதிகம். நம் ஊர்ப் பாறைகளில் பீமன் பாதம் பதிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்புவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. முழங்கால் உயரப் புல்லிலும் புதரிலும் இந்த ஊர்க் குழந்தைகள் இப்படிச் செருப்புக்கூட இல்லாமல் ஓடுகின்றனவே, பாம்பு கிடையாதா என்று கேட்டோம். தமக்கை மகள் சிரித்தாள். "இந்தத் தேசத்திலேயே பாம்பு கிடையாது, மாமா. பாட்ரிக் முனிவர் எல்லாவற்றையும் விரட்டிவிட்டாராம்" என்றாள். உண்மையில், பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்து தீவு தனித்துப் போன பிறகு பாம்புகள் அங்கே வந்து சேரவே வழியில்லாமற் போயிற்று என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். காரணம் எதுவாயினும், நாற்பது வருஷ காலமாகப் புல்லில் கால் வைக்குமுன் தரையைப் பார்த்துப் பழகிய ஒருவனுக்கு, தலை நிமிர்ந்து காட்டில் நடப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். காஞ்சொறி மட்டும் தாராளமாக உண்டு. அது பட்ட இடத்தில் தேய்க்க 'டாக்' என்னும் அகன்ற இலையையும் பக்கத்திலேயே இயற்கை வைத்திருக்கிறது. தேய்த்துப் பார்த்தோம். எரிச்சல் நின்றதா, நின்றதாக எண்ணிக்கொண்டோமா என்பது நிச்சயமில்லை.

குளோன்மெல்லுக்கு மேற்கே 'கேர்' என்ற சிற்றூர். எழுத்துக்களைக் கூட்டிப் படித்தால் 'காஹிர்' என்றுதான் வரும்; அப்படிச் சொன்னால் அங்கே ஒருவருக்கும் புரியாது. 1815-ல் பியான்கோனி என்ற இத்தாலியர் முதன் முதலாகப் பொதுஜனங்களுக்குக் குதிரை வண்டி ஓட்டியது இந்த இரண்டு ஊர்களுக்கிடையேதான். இப்போது நாம் மோட்டார் பஸ்ஸில் போய் இறங்கினோம். நதி நடுவே பாறைத் தீவொன்றில் பட்லர் வம்சத்தாரின் கோட்டை நிற்கிறது. அதன் பின்புறமிருந்து ஆற்றோரமாகவே ஒரு பாதை காட்டுக்குள் செல்லுகிறது. இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு மேல் இராது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு தாய்மார்கள் நடக்கிறார்கள். எழுபது பிராயத்துக் கிழவர்கள் கைத்தடியோடு நடக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாவிட்டாலும் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அன்று மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒரு தூவல் இருந்தது. அதை அவர்கள் 'மென்மையான நாள்' என்று வர்ணிக்கிறார்கள். நம் வேஷ்டி சட்டை மட்டும் அந்த மென்மையை ஒப்புக்கொள்ளாமல் நனைந்து போயிற்று.

பீச் மரங்களில் தளிர் விட்டிருந்தது. அந்தத் தளிரின் ஊடாக வரும் வெளிச்சம் பச்சைக் கண்ணாடி வழியாக வருவது போலிருந்தது. மரத்தடியில் தரையே தெரியாதபடி நீலப் பூக்கள், புளூபெல் என்பவை. ஆற்றோரத்து ஈரத்தில் வெள்ளை வெள்ளையாகக் காட்டுப் பூண்டு பூத்து, காடு முழுவதும் நம் வீட்டு ரசம் கொதிப்பது போன்ற வாசனை வீசிற்று.

பாதையின் கோடியில் கூரை வேய்ந்த ஓர் அழகிய வீடு. 'சுவிஸ் குடிசை' என்று பெயர். சுமார் 1810-ல் கேர் பிரபுவுக்காகக் கட்டப்பட்டது. லண்டனில் புகழ் பெற்ற ஜான் நாஷ் என்ற சிற்பி வரைந்த திட்டம் என்கிறார்கள். வளைந்த ஜன்னல்கள், மரக்கிளைகளையே தூண்களாக நட்ட தாழ்வாரம், எதுவும் எதற்கும் நேராக இராதபடி வேண்டுமென்றே அமைத்த கோணல்கள். பிரபுவும் அவருடைய விருந்தினரும் இங்கே வந்து எளிய நாட்டுப்புறத்தாரைப் போலப் பொழுது போக்குவார்களாம். பார்க்க ரம்மியமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1841-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, அத்தேசத்துக் கிராமக் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி ஒற்றை அறை மண் குடிசையில் வசித்தன. குடிசை வேஷம் போட்டு விளையாடிய வீடு நின்றது. மெய்யான குடிசைகளோ நான்கு வருஷத்திற்கெல்லாம் வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஆளில்லாமல் இடிந்தன. பத்து லக்ஷம் பேர் மாண்டார்கள். அதே அளவு ஜனங்கள் கப்பலேறினார்கள். நாம் நடந்து வந்த அந்தக் காடும் அக்காலத்தில் பிரபுவின் உபவனம். அங்கே இன்று தள்ளுவண்டியோடு வருகிற தாயின் பாட்டனாருக்குப் பாட்டனார் அனுமதியின்றி உள்ளே நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே திரும்பினோம்.

குளோன்மெல்லிலிருந்து கிழக்கே காரிக் வரைக்கும் ஆற்றங்கரையில் 21 கிலோமீட்டர் தூரம் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் முழுவதும் நடப்பது இளைஞர் காரியம். நாம் பாதி வழியிலுள்ள கில்ஷீலன் கிராமத்தோடு நிறுத்திக்கொண்டு, மறுநாள் மிச்சத்தைத் தொடர்ந்தோம். எதிர்க்கரையில் மரமடர்ந்த குன்றுகள். இக்கரையில் மாடுகள் மேயும் புல்வெளி. ஹாதார்ன் முட்செடிகள் வேலி நெடுகப் பூத்து, பாதை முழுவதும் அரிசிப்பொரி இறைத்தாற்போல் இதழ்கள் கிடந்தன. ஒரு நாரை அசையாமல் தண்ணீரில் நின்றது. நீலமும் செம்மையுமாக ஒரு மீன்கொத்தி பறந்தது. நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்தது. ஒரு திருப்பத்தில் நீர்நாயின் தலை தெரிந்தது என்று தமக்கை மகள் சத்தியம் செய்தாள். நமக்கு மரக்கட்டையாகத்தான் தோன்றிற்று.

இந்தப் பாதை உல்லாசத்துக்காக உண்டானதல்ல. நதியை எதிர்த்து வரும் படகுகளைப் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் பூட்டி இழுப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய வழி. நீரோட்டத்தோடு போகும் படகுகளில் தானியமும் மாவும் துறைமுகத்துக்குப் போயின. பஞ்ச காலத்திலும் போயின. 1846-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், வாரத்துக்கு ஒரு முறை குளோன்மெல்லிலிருந்து புறப்பட்ட தானியப் படகுகளுக்குக் காவலாக, குதிரைப்படையும் காலாட்படையும் பீரங்கிகளும் காரிக் வரையில் இதே கரையோரமாக அணிவகுத்துச் சென்றனவாம். பசித்தவர்கள் கரையில் நின்று பார்த்திருப்பார்கள். 1943-ல் வங்காளம் பட்ட பாட்டை அறிந்த நமக்கு அந்தக் காட்சியைத் தனியாக விளக்க வேண்டுவதில்லை. இன்று அங்கே பலகைகளில் பறவைகளின் சித்திரம் போட்டிருக்கிறார்கள். காரிக்கின் பழைய பாலத்தருகே வந்ததும் ஆறு ஒரு விதமாகத் தயங்குகிறது. கடலின் ஏற்றவற்றம் அதுவரையில் எட்டுகிறது.

வழியில் வடக்கே தெரியும் ஸ்லீவ்நமான் மலையின் அடிவாரத்தில் கில்காஷ் என்ற இடம் இருக்கிறது. இடிந்த கோட்டை ஒன்று, பாழான சிறு கோயில் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் ஐரிஷ் பாஷை கற்ற பள்ளிக் குழந்தைகள் எல்லோரும் அந்தப் பெயரை அறிவார்கள். அங்கே வாழ்ந்த பட்லர் குலத்துச் சீமாட்டியையும், வெட்டுண்டுபோன காட்டையும் எண்ணிப் புலம்பும் பழம் பாட்டு ஒன்று அத்தேசம் முழுவதும் பிரசித்தம். ஒரு வம்சத்தின் அழிவை மரங்களின் அழிவாகப் பாடியதில் கவி மிகையொன்றும் செய்யவில்லை. கப்பலுக்கும் பீப்பாய்க்கும் இரும்பு உலைக்குமாக வெட்டி வெட்டி, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அயர்லாந்தின் நிலத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூடக் காடு இருக்கவில்லை. இப்போது நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆனால் அதில் மற்றெந்த மரத்தையும்விட அதிகமாக இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த 'ஸிட்கா' என்னும் ஊசியிலை மரம். சீக்கிரம் வளரும், சீக்கிரம் விலையாகும். அதன் கீழே நடந்து பார்த்தோம். இருட்டாக இருந்தது, பூ இல்லை, பறவைக் குரலும் அதிகமில்லை. கணக்குப் புஸ்தகத்தில் அதுவும் காடுதான்.

கடைசி வாரத்தில் தோட்டங்களைப் பார்க்கப் போனோம். குளோன்மெல்லைச் சுற்றிலும் ஆப்பிள் பயிர் பிரபலம். 1935 முதல் அவ்வூரில் ஆப்பிள் மது காய்ச்சுகிறார்கள். நாம் வெறும் ரசத்தோடு திருப்தியடைந்தோம். பூக்காலம் முடிகிற தறுவாய். வெளிப்புறம் ரோஜா நிறம், உள்ளே வெள்ளை. ஒவ்வொரு கிளையும் கலியாண வீட்டுப் பூச்சரம்போல் தொங்கிற்று. மகரந்தச் சேர்க்கைக்கென்று வரிசை வரிசையாகத் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். தோட்டத்து வாயிலில் ஆப்பிள் ரசம் விற்றுக்கொண்டிருந்த குடியானவர், உள்ளே நடக்கலாமா என்று கேட்டதும் தாமே கூட வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நடந்து திரிவதற்கு அயர்லாந்தில் யாருக்கும் பொது உரிமை கிடையாது. ஜமீன்தாரிடமிருந்து நிலத்தைப் போராடிப் பெற்ற குடியானவன், அதை வேலியிட்டுக் காப்பது இயற்கைதானே. 1903-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி சர்க்கார் கடன் கொடுக்க, குடியானவர்கள் 68½ வருஷத் தவணையில் தங்கள் சொந்த வயலை விலைக்கு வாங்கினார்கள். ஆகையால் நடைபாதைகள் பெரும்பாலும் சொந்தக்காரரின் தயவில் நடக்கின்றன. பாதையைச் செப்பனிட்டு வைக்கும் குடியானவர்களுக்கு ஊதியம் கொடுக்கும் திட்டம் ஒன்றை 2008 முதல் சர்க்கார் நடத்துகிறது. நம்முடைய குடியானவர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. அந்நியர் வயலில் நடப்பதால் தமக்கு ஆட்சேபமில்லை என்றும், ஆட்டுக்குட்டிகள் இருக்கும்போது நாய் மட்டும் கூடாது என்றும் சொன்னார்.

வேலியோரத்தில் நின்ற ஒரு நெடு மரத்தைக் காட்டினார். ஆஷ் மரம். மற்றவை தழைத்திருக்க அது மட்டும் உச்சியில் மொட்டையாக இருந்தது. இன்னும் துளிர்க்கவில்லை போலும் என்றோம். ஆஷ் எப்போதுமே தாமதமாகத்தான் துளிர்க்கும். ஆனால் அது துளிர்க்கப் போவதில்லை என்றார் அவர். 2012-ல் இறக்குமதியான நாற்றுக்களோடு ஒரு பூஞ்சண நோய் அத்தேசத்துக்குள் நுழைந்தது. அது முதல் அயர்லாந்தின் ஆஷ் மரங்கள் கிளை கிளையாக மடிந்துகொண்டிருக்கின்றன.

ஒரு மரத்துக்காக இவ்வளவு துக்கமா என்று வாசகர் கேட்கலாம். ஹர்லிங் என்பது ஐரிஷ் ஜனங்களின் தேசிய விளையாட்டு. அந்நிய ஆட்சியில் மங்கிக் கிடந்த அதற்குப் புத்துயிர் கொடுத்த சங்கம், 1884-ல் இதே டிப்பரரி ஜில்லாவின் தர்லஸ் நகரில்தான் பிறந்தது. ஹர்லிங் மட்டையை ஆஷ் மரத்தின் அடித்தண்டில், வேர் வளைந்து பிரிகிற இடத்தைப் பார்த்து அறுத்துச் செய்கிறார்கள். அந்த வளைவில் ஓடும் ரேகைதான் மட்டைக்குப் பலம். இப்போது அயல் நாடுகளிலிருந்து மரம் வருகிறது. மூங்கிலில்கூட மட்டை செய்யத் தொடங்கிவிட்டார்களாம். மூங்கில் என்றதும் நாம் கொஞ்சம் பெருமையோடு நிமிர்ந்தோம். அவர் அதைக் கவனிக்கவில்லை. தம் தகப்பனார் அந்த வேலி மரங்களில் ஒன்றை அறுத்துத் தமக்கு முதல் மட்டையைச் செய்து கொடுத்தார் என்றும், தம் மகனுக்கும் அப்படியே தாம் செய்து கொடுத்ததாகவும், பேரனுக்குக் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே மரத்தின் பட்டையைக் கையால் தடவினார்.

விடைபெறும்போது இரண்டு புட்டி ரசத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வயலைத் தாண்டி, படலைத் திறந்து பாதைக்கு வந்தோம். சிறிது தூரம் சென்றதும் தமக்கை மகள் நின்றாள். "படலைச் சாத்தினோமா, மாமா?" என்றாள். சாத்தினதாகத்தான் நமக்கு ஞாபகம். இருந்தாலும் இருவரும் திரும்பி நடந்து போய்ப் பார்த்தோம். தாழ் சரியாகப் போட்டிருந்தது.